பிரித்தபின் மூடுவது எப்படி?

1902ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9ஆம் நாள், பாரிஸ் மாநகரில் யூஜேன் டோயென் என்னும் பிரெஞ்சு ரண சிகிச்சை நிபுணர், ஒரிஸ்ஸாவில் பிறந்த இரண்டு சிறுமிகளை ஒருவரினின்று ஒருவராக அறுத்துப் பிரித்தார். ராடிகா, டூடிகா என்று ஐரோப்பியர் அவர்கள் பெயரை எழுதி வைத்தனர். மார்புப் பக்கத்தில் சதையாலான ஒரு பாலத்தினால் ஒட்டிப் பிறந்த அக்குழந்தைகள், சிறு வயதிலேயே கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டு, பல நாட்டுக் கண்காட்சிகளிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் காசுக்குக் காட்டப்பட்டு வந்தனர். டூடிகாவைக் காசநோய் பற்றியது. அது மற்றவளையும் கொண்டுபோய்விடும் என்ற அச்சத்தினாலேயே பிரிவினைக்கு நாள் குறிக்கப்பட்டது.

அன்று அச்சிகிச்சை அறையில் சினிமாப் படம் பிடிக்கும் கருவியும் நின்றது. டோயென் தமது கைத்திறனைப் படமாக்கி வைப்பதில் மிகுந்த ஆர்வமுடையவர். டூடிகா சில நாட்களில் இறந்தாள். ராடிகா மறு ஆண்டு அதே காசநோய்க்கு இரையானாள். படமோ அவர்களைக் காட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. படம் பிடித்தவர்களில் ஒருவர் டாக்டரின் அனுமதியின்றி அவருடைய படங்களின் பிரதிகளை விற்றுவிட, அவை சந்தைக் கொட்டகைகளில் காட்டப்பட்டன. டோயென் வழக்குத் தொடுத்து 1905இல் வெற்றியும் பெற்றார். சினிமாப் படம் யாருக்குச் சொந்தம் என்ற சட்டப் பிரச்சினையின் சரித்திரத்தில் இவ்வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கூடாரத்தினின்று மீட்கப்பட்ட பெண்கள் படத்தின் வடிவில் மறுபடியும் கூடாரத்துக்கே போய்ச் சேர்ந்ததை எண்ணும்போது மனம் கசந்துபோகிறது.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. டோயெனுடைய கத்தி விரைந்து வேலை செய்தது என்பதை யாவரும் பேசினர். அறுத்த பிறகு அப்புண்களை எதைக் கொண்டு மூடுவது என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. பாலம் குறுகியதாக இருந்ததே அதற்குக் காரணம். இருபுறமும் தோலை இழுத்துச் சேர்த்துத் தைத்துவிட முடிந்தது. ஒட்டிப் பிறந்தோர் எல்லாருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை.

வீட்டுச் சமையலறையில் பூசணிக்காயை இரண்டாக அறுத்துப் பாருங்கள். அறுக்குமுன் காய் முழுவதும் தோலால் மூடியிருந்தது. அறுத்தபின் ஒவ்வொரு பாதியிலும் தோலே இல்லாத அகன்ற முகம் ஒன்று தோன்றுகிறது. இத்தோல் முன்பு எங்கோ மறைந்திருந்து இப்போது தொலைந்துபோனதன்று. அது ஒருபோதும் உண்டாகவே இல்லை. இடையில் ஒடுங்கிய சுரைக்காயை அந்த ஒடுக்கத்தில் வெட்டினால் முகம் சிறிது, கவலையில்லை. பூசணியின் நடுவில் வெட்டினால் முகம் பெரிது. மார்போடு மார்பாகவோ, இடுப்போடு இடுப்பாகவோ, தலையோடு தலையாகவோ அகல ஒட்டிய குழந்தைகளைப் பிரிக்கும்போது டாக்டர்கள் காண்பது இந்த இரண்டாவது வகைப் புண்ணைத்தான். ஒன்றுக்கு இரண்டு புண்கள். இரண்டுக்கும் தோல் இல்லை.

ஐம்பதினாயிரம் முதல் இரண்டு லட்சம் பிரசவங்களில் ஒன்றாகவே இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றன. பிரிக்கும் முயற்சியோ மிகப் பழையது. பத்தாம் நூற்றாண்டில், கான்ஸ்டாண்டிநோபிள் நகரில், அர்மீனியாவிலிருந்து வந்திருந்த இரட்டையரில் ஒருவர் இறந்துவிட, மற்றவரை உயிரற்ற உடலினின்று வெட்டி எடுத்தனர். அவர் மூன்று நாட்களே பிழைத்தார் என்று வரலாறு கூறுகிறது. 1689இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோஹன்னஸ் ஃபாட்டியோ என்பவர் வயிற்றுப் புறத்தில் ஒட்டியிருந்த இரு பெண் குழந்தைகளை நூலினால் கட்டிப் பிரித்தார், இருவரும் பிழைத்தனர். இரு குழந்தைகளையும் உயிருடன் பிரித்த முதற் சிகிச்சையாக இதையே பலரும் கொள்கின்றனர். அந்த ஃபாட்டியோ இரண்டே ஆண்டுகளில் நகரத்து அரசியல் கலகமொன்றில் ஈடுபட்டதற்காகத் தலை வெட்டப்பட்டு மாண்டார் என்பது வேறு கதை. 'சயாம் இரட்டையர்' என்ற பெயர் உலகில் பரவுவதற்குக் காரணமாக இருந்த சாங், எங் சகோதரர்கள் பிரிக்கப்படவேயில்லை. 1811இல் பிறந்த அவர்கள் அமெரிக்காவில் நிலம் வாங்கி, இரு சகோதரிகளை மணந்து, இருபத்தொரு மக்களைப் பெற்று, 1874 ஜனவரியில் ஒரே இரவில் சில மணி நேர இடைவெளியில் இறந்தனர். இறந்தபின் அறுத்து ஆராய்ந்ததில் அவர்களை இணைத்த பாலத்தின் ஊடே இருவர் ஈரலும் தொடர்புற்றிருந்தது தெரிந்தது. பிரிக்காமல் விட்டதே அவர்களுக்கு அறுபத்திரண்டு வயது வரை வாழ்வளித்தது என்று சொன்னால் மறுப்பதற்கில்லை.

இவையெல்லாம் சுரைக்காய் வகை. பூசணிக்காய் வகையை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் 1952இல் சிக்காகோ நகரத்து டாக்டர்கள். தலையின் உச்சியோடு உச்சியாக ஒட்டியிருந்த இரு ஆண் குழந்தைகளை அவ்வாண்டு டிசம்பர் 17இல் இல்லினாய் சர்வகலாசாலை மருத்துவமனையில் பிரித்தனர். மூளையிலிருந்து கெட்ட இரத்தத்தைத் திரும்ப இருதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெரும் நாளம் இருவருக்கும் சேர்த்து ஒன்றே இருந்தது. அது ஒருவனுக்குத்தான் போக முடியும். மற்றவன் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் பிழைத்திருந்து மாண்டான். நாளத்தைப் பெற்றவன் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான். தலை ஒட்டியவர்களைப் பிரித்து ஒருவரேனும் நெடுநாள் பிழைத்தது அதுவே முதல் தடவை. அச்சிகிச்சையைப் பற்றி 1953இல் மருத்துவ சங்கத்தின் ஏட்டில் வெளியான அறிக்கையில் நால்வர் பெயர் உள்ளது. அவருள் ஒருவரான பால் கிரீலி மூளை வைத்தியருமல்லர், குழந்தை வைத்தியருமல்லர். அவர் பிளாஸ்டிக் சர்ஜன். நாம் பேச வந்தது அவரைப் போன்றவர்களைப் பற்றியே.

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றதும், நாம் கடையில் வாங்கும் வாளியும் சோப்புப் பெட்டியும் செய்யப்படும் பிளாஸ்டிக்கை உடம்பில் வைத்துத் தைப்பது என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. பிசைந்து உருவாக்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்த பெயர் அது. ஜெர்மானிய டாக்டர் ட்சைஸ் 1838இலேயே அதைத் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அப்போது பிளாஸ்டிக் வாளி செய்வார் உலகில் எவருமில்லை. குயவன் களிமண்ணைக் கொண்டு செய்வதை இவர்கள் தோலையும் தசையையும் கொண்டு செய்கின்றனர்.

குயவன் என்ற உவமை வெறும் உவமையன்று. பூனாவிலும் பம்பாயிலும் குடியேறியுள்ள நம்மவர் பெருமையோடு அறிந்துவைத்துக்கொள்ளத்தக்க சம்பவம் ஒன்று உண்டு. 1792இல் முடிந்த மைசூர்ப் போரில், ஆங்கிலப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் துண்டிக்கப்பட்டன. ஓராண்டு காலம் மூக்கின்றி இருந்தபின், பூனாவுக்கு அருகில் செங்கல் அறுக்கும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்துக் கொடுத்தார். பம்பாயைச் சேர்ந்த இரு ஆங்கில டாக்டர்கள் அதை நேரிற் கண்டனர். மெழுகைத் தட்டி மூக்கின் வடிவம் செய்து, அதை விரித்து நெற்றியின் மேல் வைத்துக் கோடு இழுத்து, அக்கோட்டின்படி தோலை உரித்துக் கீழே திருப்பி மூக்கின் இடத்தில் பொருத்தினார் அவர். ஆனால் தோலை முழுவதும் வெட்டவில்லை. இரு புருவங்களுக்கும் இடையே ஒரு காம்பை மட்டும் விட்டுவைத்தார். இருபத்தைந்து நாட்கள் சென்று, தோல் புது இடத்தில் வேரூன்றியபின்னரே காம்பை அறுத்தார். 1794 அக்டோபரில் லண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' என்னும் சஞ்சிகை இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைக் கற்று கார்ப்யூ என்ற ஆங்கில நிபுணர் 1814இல் லண்டனில் முதன்முதலாகச் செய்து காட்டினார்.

அக்காம்புதான் இக்கலையின் உயிர். அதன் வழியே இரத்தம் ஓடுகின்றவரை தோல் சாவதில்லை. சுசுருத சம்ஹிதை, இலையை அளவுக்கு வைத்துக் கன்னத்துத் தோலை மூக்குக்குத் திருப்பும் முறையைக் கூறுவதும் இதே அறிவைக் கொண்டே. பூனாவின் செங்கற்காரர் சுசுருதரைப் படித்திருப்பாரா என்று கேட்பது வீண். கையோடு கையாக வந்த வித்தை அது. அவர் பெயரை அந்தச் சஞ்சிகை குறிக்கவில்லை. நோயாளியின் பெயர் நிலைத்தது; வைத்தியரின் பெயர் மறைந்தது.

முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக ஹெரால்ட் கில்லிஸ் என்பவர் இங்கிலாந்தில் இதே காம்பைக் குழாய் போலச் சுருட்டித் தைத்து, மார்பிலிருந்து முகத்துக்குத் தோலை நகர்த்தினார். அது 1917. எனினும் நகர்த்துவது என்றாலே ஓரிடத்தில் எடுத்து ஓரிடத்தில் வைப்பது தானே? சிப்பாயின் மார்பில் தோல் மிகுந்திருந்தது. எட்டு மாதக் குழந்தையின் உடம்பில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?

தோலைத் தேடுவதற்குப் பதிலாக விளைவிக்கலாம் என்ற யோசனை 1957இல் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் நியூமன் எழுதிய ஒரு கட்டுரையில் தோன்றியது. காதை இழந்த ஒருவருக்கு, காது இருந்த இடத்துத் தோலின் அடியில் சிறு ரப்பர் பலூனைப் புதைத்து, வெளியிலிருந்து காற்றைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பெருக்கினார். மேலிருந்த தோலும் கூடப் பெருகிற்று. அந்தக் கட்டுரையை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1976இல் ராடவன் என்பவர், சிலிக்கோன் பையில் உப்பு நீர் ஏற்றும் முறையைச் சபையில் எடுத்துரைத்தபோதும் பலர் ஐயத்தோடுதான் கேட்டனர். ஆயினும் தாய்மார் அனைவரும் அறிந்த உண்மை அதுவே. கருவுற்ற வயிறு மாதந்தோறும் பெருக்கப் பெருக்க அதன் தோல் கிழிவதில்லை. மெல்ல இழுக்கப்படும் தோல், ரப்பரைப் போல நீள்வதோடு நிற்பதில்லை. அதன் உயிரணுக்கள் பெருகுகின்றன, புதிய தோல் உண்டாகிறது. பையை எடுத்துவிட்டால் மிகுதியான தோல் கையில் நிற்கிறது. அதே நிறம், அதே மயிர், அதே இரத்த ஓட்டம்.

ஒட்டிப் பிறந்த குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இருக்க முடியாது. இதன் பிறகு காலக்கிரமம் மாறிவிட்டது. முன்னெல்லாம் மற்ற டாக்டர்கள் பிரித்து முடித்தபின் கடைசியாக அழைக்கப்பட்ட பிளாஸ்டிக் சர்ஜன், இப்போது பல மாதங்களுக்கு முன்னரே, எல்லாருக்கும் முதலில் வருகிறார். இணைப்பைச் சுற்றித் தோலின் அடியில் பைகளை வைக்கிறார். சில நாட்களுக்கு ஒரு முறை மெல்லிய ஊசியால் உப்பு நீர் ஏறுகிறது. குழந்தையின் தலையில் நாளுக்கு நாள் புடைப்புகள் எழுவதைத் தாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பை கிருமியேறிப் பழுத்துவிடலாம். தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அப்படி நேர்ந்தால் பையை எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்து, மீண்டும் தொடங்க வேண்டும். முதல் கீறலை எங்கே போடுவது என்று கோடு இழுப்பவரும் அவரே. முதல் நாள் தவறாகக் கீறிய ஒரு கோடு, கடைசி நாள் மூட வேண்டிய மடலின் இரத்த ஓட்டத்தைத் துண்டித்துவிடக் கூடும்.

மூடுவது அழகுக்காக என்று எண்ணிவிடலாகாது. மூளையைச் சுற்றியுள்ள நீர் ஒரு சிறு இடைவெளி வழியே கசிந்தாலும் அவ்வழியே கிருமி உள்ளே செல்லும். கத்திக்குத் தப்பிய குழந்தை கசிவுக்குப் பலியாகும். மார்பு ஒட்டியவர்களில் தொல்லை வேறு. தோல் போதவில்லையென்று இறுக்கி இழுத்துத் தைத்தால் அந்த இறுக்கமே இருதயத்தையும் மூச்சுப் பைகளையும் நெரித்துவிடும். ஆகவே சில சமயம் வலைத்துணி போன்றதொன்றை இடையில் வைத்துச் சில நாள் பொறுத்து மூடுகின்றனர். இடுப்பு ஒட்டி மூன்று கால்களோடு பிறந்தவர்களுக்கோ, அந்த மூன்றாவது காலின் எலும்பை நீக்கி, அதன் தோலையும் தசையையும் விரித்து இரு உடல்களையும் போர்த்துவதுண்டு.

இன்னொரு வசதியும் உண்டு. ஒட்டிப் பிறந்தோர் எப்போதும் ஒரே கருவினின்று தோன்றியவர்கள். பிறர் தோலை ஒருவர் உடம்பு தள்ளிவிடும். ஒரே கருவில் உண்டானவரின் தோலை ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் பாரெட் பிரௌன் 1937இல் ஒத்த இரட்டையரிடையே தோலை மாற்றி ஒட்டி இதைக் காட்டினார். 1954இல் பாஸ்டனில் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றத்தை ஒத்த இரட்டையரிடையே செய்த ஜோசஃப் மர்ரே, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், தொழிலால் பிளாஸ்டிக் சர்ஜன் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரிவினையில் ஒரு குழந்தை பிழைக்க வழியில்லாதபோது, அதன் தோலே மற்றதைக் காக்கப் பயன்படுத்தப்பட்டதுண்டு. இதைப் பற்றிப் பேசுவதற்கு டாக்டர்களே தயங்குகின்றனர். தயங்குவதே நியாயம் என்று தோன்றுகிறது.

1987இல் அமெரிக்காவில் பால்டிமோரில் எழுபது பேர் கூடி இருபத்திரண்டு மணி நேரம் உழைத்து, பின்தலை ஒட்டிய ஜெர்மானியக் குழந்தைகளைப் பிரித்தனர். தலைத்தோலைப் பலூன்களால் முன்கூட்டியே பெருக்கியிருந்தனர். இருவரும் உயிர் பிழைத்தனர். உலகெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் இருவருடைய மூளையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்ததை அதே பத்திரிகைகள் அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிடவில்லை. 2003 அக்டோபரில் டல்லஸ் நகரில் எகிப்தியக் குழந்தைகள் இருவரை முப்பத்துநான்கு மணி நேரத்தில் பிரித்த முயற்சி முழுவதற்கும் தலைமை தாங்கியவர் கென்னத் சாலியர் என்ற பிளாஸ்டிக் சர்ஜன். தலையிலும் தொடையிலும் மாதக்கணக்கில் பைகள் வைத்துத் தோல் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நியூயார்க்கில் ஜேம்ஸ் குட்ரிச் என்னும் மூளை நிபுணரும், டேவிட் ஸ்டாஃபன்பர்க் என்னும் பிளாஸ்டிக் சர்ஜனும் மற்றொரு வழியைக் கைக்கொண்டனர். ஒரே மூச்சில் பிரிக்காமல், மாதங்கள் இடைவிட்டு, நான்கு கட்டமாகப் பிரித்தனர். நாளங்கள் புது வழிகளைத் தேடிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. ஆனால் ஒரே தோலைப் பலமுறை திறந்து மூட வேண்டியதாயிற்று. ஸ்டாஃபன்பர்க்கின் பொறுப்பு பன்மடங்காயிற்று. 2019 பிப்ரவரியில் லண்டனில் பாகிஸ்தானியச் சிறுமிகள் இருவரைப் பிரித்த முயற்சிக்கு இருவர் தலைவர்: ஸ்ரீநகரில் பிறந்த மூளை நிபுணர் ஒவாஸி ஜீலானியும், பிளாஸ்டிக் சர்ஜன் டேவிட் டனவேயும். மூன்று சிகிச்சைகள், ஐம்பது மணி நேரத்துக்கு மேல், ஏறத்தாழ நூறு பேர். தோலோடு நில்லாமல், அவர்களுடைய மண்டையெலும்பையே சிறு சில்லுகளாக்கி, ஓடு பாவுவதுபோலப் பரப்பி, இரண்டு தலைகளுக்கும் கூரை வேய்ந்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் தலை ஒட்டிப் பிறந்த இரு ஆண் குழந்தைகளை 2017இல் அவர்களுடைய பெற்றோர் டில்லிக்குக் கொண்டுவந்தனர். இந்த உரையைப் படிப்போரில் பலர் வைத்தியத்துக்காக வாயிலில் வரிசையில் நின்றிருக்கக்கூடிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில்தான் சிகிச்சை நடந்தது. ஆகஸ்டு 28இல் முதற் கட்டம். பொதுவாக இருந்த நாளத்துக்கு மாற்று வழி அமைத்தனர். குட்ரிச் நியூயார்க்கிலிருந்து வந்து உடனிருந்தார். அக்டோபர் 25இல் இறுதிக் கட்டம். பிரித்தபின் இரு தலைகளிலும் பெரும் பள்ளங்கள் ஏற்பட்டன. அவற்றைத் தோலால் மூடுவதே மிகக் கடினமான பகுதியாக இருந்தது என்று பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவின் மனீஷ் சிங்கால் அப்போது தெரிவித்தார்.

பாரிஸில் வெட்டுண்டது ஒரு சதைப் பாலம். டில்லியில் பிரிந்தவை இரண்டு மூளைகள். ராடிகாவும் டூடிகாவும் கூடாரத்துக் கண்காட்சிப் பொருள்களாக அயல்நாடு சென்று பிரிக்கப்பட்டனர். இக்குழந்தைகள் தாய் தந்தையரோடு ரயிலில் செல்லக்கூடிய தூரத்தில், அரசாங்க மருத்துவமனையில், நோயாளிகளாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் நூற்றுப் பதினைந்து ஆண்டுகள்.

இரண்டு ஆண்டுகள் டில்லியிலேயே தங்கியிருந்து, 2019 செப்டம்பரில் இருவரும் கட்டாக் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். 2020 மார்ச்சில் குட்ரிச் நியூயார்க்கில் கொரோனா நோய்க்குப் பலியானார். அவ்வாண்டு நவம்பரில் கட்டாக்கில் குழந்தைகளில் ஒருவன் இறந்தான். சகோதரனிடமிருந்து பிரிந்தபின், மூடிய தலையோடு, அவன் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் தனியாக வாழ்ந்திருந்தான். டூடிகாவுக்குக் கிடைத்தவை சில நாட்கள்.